நாவலின் கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுத்து முகாமுக்குப் போவதா, முடிக்காமலே போவதா?

லொட்ஜ் மாடிப்படி:

கேட்கப்போவது ஒரேயொரு கேள்விதான் என்றாலும், பின்னணி தெரியாமல் அதற்குப் பதில் சொல்வது கடினம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் வெள்ளவத்தையில் வசிப்பவள். பகலில் ஒரு கப்பற் சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரவில் என் முதல் நாவலை எழுதுகிறேன். 2007ஆம் ஆண்டின் முதற்பாதியில், கொழும்பு கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் கதை நிகழ்கிறது. கனடா விசாவுக்காகச் சாவகச்சேரியிலிருந்து வந்து மாதக்கணக்காகக் காத்திருக்கும் ஒருத்தியும், அந்த லொட்ஜின் வரவு செலவைப் பார்த்துக்கொள்ளும் மட்டக்களப்புக்காரி ஒருத்தியும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். அந்த நேசத்தைத் தோழமை என்றோ, போக்கிடமற்ற இரு பெண்களின் பற்றுக்கோடு என்றோ வாசகர் ஒதுக்கிவிட இடம் வைக்காமல், காதலாகவே எழுதியிருக்கிறேன். நானும் பெண்ணைக் காதலிக்கும் பெண் என்பது இந்தக் களத்தில் பலருக்குத் தெரிந்ததுதான்.

தெற்காசியாவின் பால்புதுமை (குயர்) எழுத்தாளர்களுக்காக ஜூலையில் நடக்கவிருக்கும் ஓர் எழுத்து முகாமுக்குத் தெரிவாகியிருக்கிறேன். ஹப்புத்தளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றில் தங்கவைப்பார்கள். காலை முழுவதும் யாரும் யாரோடும் கதைக்கக்கூடாது, எழுத வேண்டும்; பிற்பகலில் ஒவ்வொரு நாளும் ஒருவருடைய நாற்பது பக்கங்களை எல்லோரும் வாசித்துவிட்டு வந்து விவாதிப்பார்கள். விவாதம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால், அந்த நாற்பது பக்கங்களையும் நானே ஆங்கிலத்தில் ஆக்கி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். சமைக்கவும் துவைக்கவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்களாம், இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப உனக்கு அங்க என்னதான் வேலை?" என்று கேட்டார்.

கடைசி அத்தியாயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதற்கு முந்திய அத்தியாயம் 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் நடக்கிறது: கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வடக்கு கிழக்குக்கு அனுப்பிய நாள். அன்று அனுப்பப்பட்டவர்கள் 376 பேர். சாவகச்சேரிக்காரி வவுனியா பஸ்ஸில் ஏற்றப்படுகிறாள். மற்றவள் லொட்ஜில் வேலை செய்பவள் என்பதால் விடப்படுகிறாள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபின், வவுனியாவிலிருந்து திருப்பி அழைத்து வரப்பட்டவர்களோடு அவளும் கொழும்புக்கு வருகிறாள். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பலவாறாக எழுதிப் பார்த்துவிட்டேன். எதை எழுதினாலும், அந்த பஸ் அத்தியாயத்துக்குப் பின்னால் அது அற்பமாகத் தெரிகிறது.

இந்த அத்தியாயத்தை எப்படியாவது முடித்துவிட்டுப் போவதா, அல்லது முடிவைத் திறந்து வைத்துக்கொண்டு போய், அங்குள்ளவர்கள் சொல்வதைக் கேட்டபின் எழுதுவதா?

கொட்டாஞ்சேனை ஒப்புநோக்குநர்:

தங்கச்சி, முடித்துவிட்டுப் போங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் சென்ற ஆண்டு இங்கே பகிர்ந்த அத்தியாயங்களை நான் அச்சிட்டு, என் பழைய பத்திரிகைத் தொழிலின் பழக்கப்படி சிவப்புப் பேனாவோடுதான் வாசித்தேன். ஏப்ரல் 29 இருட்டடிப்பு அத்தியாயத்தில் அந்தப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். உலகக் கிண்ண இறுதியாட்டத்தைப் பார்ப்பதற்காக லொட்ஜின் ஆண்கள் எல்லோரும் கீழ்மண்டபத்துத் தொலைக்காட்சியின் முன் கூடியிருக்கிறார்கள். விமானத் தாக்குதல் என்று நகரத்து மின்சாரம் நிறுத்தப்படுகிறது. வானத்தை நோக்கிச் சுடும் ஓசைக்கு நடுவிலும், இலங்கை எத்தனை விக்கெட்டை இழந்தது என்று யாரோ இருட்டில் கேட்கிறார்கள். மாடிப்படியில் அந்த இருவரும் முதன்முறையாகக் கைகோர்க்கிறார்கள். அந்த இரவில் கொட்டாஞ்சேனையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது அப்படித்தான் இருந்தது. அந்த அத்தியாயத்தில் போர் வெளியே இருக்கிறது, கதை உள்ளே இருக்கிறது. ஜூன் 7 அத்தியாயத்தில் நீங்கள் கதையையும் வெளியே கொண்டுபோய்விட்டீர்கள் என்பது என் ஊகம்.

அசோகமித்திரன் 1973இல் அமெரிக்காவின் அயோவா நகரத்துக்கு, பல நாட்டு எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் கூடித் தங்கும் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதியது 'ஒற்றன்'. அதை வாசித்தால், அத்தகைய இடங்களில் எழுத்தைவிட எழுத்தாளர்களே அதிகமாகக் கவனத்தைப் பிடுங்குவார்கள் என்பது விளங்கும். குளிர், சாப்பாடு, கோபதாபம், யாருக்கு யாரோடு ஒத்துப்போகவில்லை என்பவற்றுக்கு நடுவே, முடிவில்லாத ஒரு கதையைக் கொண்டுபோய் எதைச் சாதிப்பீர்கள்? முடிவுள்ள பிரதியோடு போனால், குறைந்தபட்சம் அதைக் காப்பாற்றுவதற்காகவாவது வாய் திறப்பீர்கள்.

சில்லறைத் திருத்தம் ஒன்று. நான்காம் அத்தியாயத்தில் முகவருக்கு 5000 ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுக்கிறாள். 2007இல் அந்தத் தாள் புழக்கத்தில் இல்லை; 2000 ரூபாய்த் தாள்தான் அன்று பெரியது.

பனிநாட்டுப் பிள்ளை:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். ஐயா சொல்வதை நான் பாதிதான் ஏற்பேன்.

புதிதாக எழுதவரும் பால்புதுமை எழுத்தாளர்களுக்காக அமெரிக்காவின் லாம்டா இலக்கிய அமைப்பு 2007இல் தொடங்கிய முகாமுக்கு, ஓர் ஆண்டு நானும் லொஸ் ஏஞ்சலிஸ் போயிருந்தேன். ஆண்களை நேசிக்கும் ஒரு தமிழன் தன் கதையைச் சொல்வதற்கு முன் தன்னை நியாயப்படுத்த வேண்டிய அவசியமில்லாத அறையில் உட்கார்வது என்ன என்பதை முதன்முறையாக அங்கேதான் அறிந்தேன். தமிழ் இலக்கியக் கூட்டங்களில் என் கதை வாசிக்கப்பட்டால், முதல் அரைமணி நேரம் இது நம் பண்பாட்டில் இருந்ததா இல்லையா என்பதிலேயே கழியும். அங்கே ஒருவரும் அதைக் கேட்கவில்லை. இரண்டாம் பந்தி ஏன் தொய்கிறது என்று கேட்டார்கள். அக்கா, அந்தச் சுகத்துக்காக மட்டுமே போகலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கப் பட்டறைகளிலிருந்து பரவிய ஒரு வழக்கப்படி, உங்கள் பக்கங்கள் விவாதிக்கப்படும்போது நீங்கள் வாய் திறக்கக்கூடாது என்று பல இடங்களில் விதிப்பார்கள். ஒருவர் உங்கள் கதாபாத்திரத்தைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு, அந்த விளக்கத்தின்மேல் மற்றவர்கள் மாடி கட்டிக்கொண்டிருக்கும்போதும் நீங்கள் குறிப்பெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இலங்கைத் தமிழர் என்றால் விவாதம் போரை நோக்கித்தான் சரியும். எனக்கும் அதுதான் நடந்தது. என் கதையில் ஒரு தந்தையும் மகனும் ஸ்காபரோவில் கார் கழுவுகிறார்கள். போரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'சொல்லப்படாத போர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதேவேளை, போருக்குப் பயந்து ஒதுங்கவும் தேவையில்லை. கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஃபன்னி போய்', பையன்களை விரும்பும் ஒரு கொழும்புத் தமிழ்ப் பையனின் கதை. அது 1983 ஜூலைக் கலவரத்தின் நாட்குறிப்போடு முடிகிறது. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலிலும், ஆண்களை நேசிக்கும் நாயகன் ஒரு போர்ப் புகைப்படக்காரன். இரண்டிலும் காதலைத் தனியே, கலவரத்தைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. உங்கள் பஸ் அத்தியாயம் பெரிதாக இருக்கிறது என்றால், அது பெரிதாகவே இருக்கட்டும். முடிவைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். மலையில் நல்ல உறக்கம் கிடைத்தால் அதுவாகவே வரும்.

செம்பருத்தி:

முடிப்பதா இல்லையா என்பதைவிட, எப்படி முடிக்கப் போகிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். தயவுசெய்து இருவரில் ஒருத்தியையும் சாகவிடாதீர்கள். ஒருத்தியை விமானத்தில் ஏற்றிவிட்டு, மற்றவளை ஜன்னலோரம் நிறுத்தவும் வேண்டாம். நம்மைப் பற்றி எழுதப்பட்ட கதைகளில் பாதிக்குமேல் இறுதியில் யாராவது ஒருவர் கடலில் இறங்குகிறார் அல்லது கலியாணத்துக்குத் தலையாட்டுகிறார். கொழும்பில் பால்புதுமையினரின் பெருமைநாள் (பிரைட்) நிகழ்வுகள் 2005 முதல் நடக்கின்றன. அவற்றுக்கு வரும் தமிழ்ப் பெண்பிள்ளைகளிடம், தமிழில் வாசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

ஈ. எம். ஃபாஸ்டர் 1914இல் எழுதி முடித்த 'மொறிஸ்' என்ற நாவல், அவர் இறந்தபின் 1971இல்தான் வெளிவந்தது. அவர் காலத்தில் அதை வெளியிட முடியாமற்போனதற்கு, காதலர்களான இரு ஆண்களும் சேர்ந்து வாழ்வதாக முடித்ததே பெரிய காரணம். ஒருவன் தூக்கில் தொங்கியிருந்தால் அன்றைய இங்கிலாந்து அதைப் பொறுத்துக்கொண்டிருக்கும். மகிழ்ச்சியான முடிவு இலேசான முடிவு என்று நினைப்பவர்கள் அதைச் சற்று யோசிக்க வேண்டும்.

லொட்ஜ் மாடிப்படி:

ஐயாவுக்கு முதலில் நன்றி. ரூபாய்த் தாளை மாற்றிவிட்டேன்.

செம்பருத்தி, உங்கள் வேண்டுகோளின் நியாயம் எனக்கு விளங்குகிறது. சாவு என் திட்டத்தில் எப்போதும் இருந்ததில்லை. ஆனால் 2007 ஜூனில், பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் ஓர் அறையை வாடகைக்கு எடுக்க முடியாத நகரத்தில், இரு தமிழ்ப் பெண்கள் சேர்ந்து வீடெடுத்து வாழத் தொடங்கினார்கள் என்று எழுதினால், அந்தக் காலத்தில் இங்கே இருந்த எந்த வாசகரும் அதை நம்பமாட்டார். நம்பமுடியாத மகிழ்ச்சியை உங்கள் பெண்பிள்ளைகளும் மன்னிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என்னை உண்மையில் அலைக்கழிப்பது வேறு. நாவலின் நடுவில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை நான் இங்கே இன்னும் பகிரவில்லை. விசா வேண்டி இருவரும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறார்கள். ஒருத்தி சைவம், ஒருத்தி மெதடிஸ்ட். ஆனாலும் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போகாமல் கொழும்பில் யார் விசா எடுத்தார்கள்? சாவகச்சேரிக்காரி விசா கிடைக்க வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்துகிறாள். பக்கத்தில் நிற்பவள் அது கிடைக்கக்கூடாது என்று கொளுத்துகிறாள். இரண்டு திரியும் ஒரே தட்டில் எரிகின்றன. அந்த நேர்த்தியைப் பற்றி அவள் ஒருபோதும் வாய் திறப்பதில்லை. பிறகு ஜூன் 7 வருகிறது. காதலி பஸ்ஸில் ஏற்றப்படுவதைப் பார்த்து நிற்கும்போது, தன் வேண்டுதல்தான் இப்படிப் பலித்ததோ என்று அவள் நடுங்குகிறாள்.

முகாமுக்கு அனுப்பத் தெரிவுசெய்த நாற்பது பக்கம் ஜூன் 7 அத்தியாயம்தான். அதுதான் பலமானது என்று நினைத்தேன். அதை ஆங்கிலத்தில் ஆக்கும்போது, ஏன் லொட்ஜுகள், ஏன் பொலிஸ் பதிவு, யார் யாரை வெளியேற்றினார்கள் என்று விளக்கும் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. இப்போது அவற்றிற் சில தமிழ்ப் பிரதிக்குள்ளும் ஏறிவிட்டன. யாருக்காக அவற்றை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கறுப்புக் கோட்டு:

இலக்கியக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியானவன் அல்லன். சட்டத்தரணி என்ற முறையில், யாரும் தொடாத பக்கத்தைத் தொடுகிறேன்.

ஒருபாலுறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளை நினைத்துத்தான் எழுதுபவர்கள் வழக்கமாகப் பயப்படுகிறார்கள். அக்கோவை 1883ஆம் ஆண்டினது. 365அ ஆண்களை மட்டுமே குறிப்பிட்டிருந்தது. 1995இல் செய்யப்பட்ட திருத்தம் அதைப் பாலினப் பொதுவாக்கியதால் பெண்களும் அதற்குள் வந்தார்கள். சமத்துவம் என்பது இப்படியும் வந்து சேரும். இப்பிரிவுகளை மாற்றுவதற்குக் கொண்டுவரப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆனால் அது நிறைவேறுவதற்கு முன் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது. எப்படியானாலும் இப்பிரிவுகள் செயலைப் பற்றியவை. ஒரு நாவலில் இரு பெண்கள் கைகோர்ப்பதை அவை தொடுவதில்லை.

எழுத்தைத் தொடுபவை வேறு. 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் ஒன்று. ஆனால் அண்மைக் காலத்தில் எழுத்தாளர்களைச் சிறைக்குக் கொண்டுபோனது அதுவல்ல. பௌத்த மடமொன்றில் ஆண்களுக்கிடையிலான பாலுறவைச் சாடையாகத் தொட்ட ஒரு சிங்களச் சிறுகதைக்காக சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் கைதாகி, நான்கு மாதங்களுக்குமேல் விளக்கமறியலில் இருந்தார். பிரயோகிக்கப்பட்டது 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச உடன்படிக்கை) சட்டம்; மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்த பிரிவின் கீழ், நீதவான் பிணை வழங்க முடியாத நிலையில் அவர் இருந்தார். பிணையில் வந்தபின், 2021இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். தமிழில் எழுதும் இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் தன் கவிதைத் தொகுப்புக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசெம்பரில்தான் பிணை, 2023 டிசெம்பரில் விடுதலை. அவர்மேல் சுமத்தப்பட்ட அர்த்தங்களுக்கும் அந்தக் கவிதைகளுக்கும் தொடர்பில்லை என்பதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் நீண்டகாலம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இதை அச்சமூட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் பிரதிக்கு வரக்கூடிய வம்பு காதற்காட்சியில் இல்லை. கோவிற்காட்சியிலும் பொலிஸ் காட்சியிலும்தான் இருக்கிறது. கொச்சிக்கடைக் காட்சியில் கும்பிடுகிறவள் மனத்தில் என்ன நினைக்கிறாள் என்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே அதை மாற்ற வேண்டாம். உண்மையான பொலிஸ் அதிகாரி எவரையும் அடையாளம் காட்டும் பெயரோ பதவியோ இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். அச்சுக்கு முன் ஒருமுறை எனக்கு அனுப்பினால், கட்டணமின்றி வாசித்துத் தருகிறேன்.

வவுனியா பஸ்:

நீண்டகாலம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று எழுதுகிறேன்.

அன்று பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஓமானுக்குப் போக இருந்தவன். மருந்துச் சீட்டை எடுக்கக்கூட விடாமல் இறக்கினார்கள். அந்தக் காலையில் நடந்ததை எழுதுகிறவர்கள் எல்லோரும் 376 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குள் இருந்த எங்களைப் பற்றி ஒரு நாவல் வருகிறது என்றபோது மகிழ்ந்தேன். ஆனால், மன்னிக்க வேண்டும், அது இன்னொரு கதைக்குப் பின்திரையாக வருகிறது என்று அறிந்தபோது நெஞ்சு ஒப்பவில்லை. உங்கள் இரு பெண்களின் விருப்பு வெறுப்பைப் பற்றி எனக்கு எந்தத் தீர்ப்பும் இல்லை. அது உங்கள் வாழ்க்கை. ஆனால் எங்கள் அவமானத்தை ஒரு காதற்கதையின் உச்சக்காட்சியாக ஆக்குவது சரிதானா என்பதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இழை நெறியாளர்:

இதற்கு வரும் பதில்கள் கருத்தை மட்டும் தொட்டு எழுதப்பட வேண்டும். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

லொட்ஜ் மாடிப்படி:

அண்ணா, உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அது இந்த இழையின் முதற்கேள்வியைவிடப் பெரியது என்பதுதான்.

அந்த எண்ணுக்குள் இருந்த ஒவ்வொருவரும் அன்று காலை எழுப்பப்படுவதற்கு முந்திய இரவில் ஏதோ ஒரு வாழ்க்கையின் நடுவில் இருந்தார்கள். யாரோ கடன் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், யாரோ காதலித்துக்கொண்டிருந்தார். அவர்களில் சிலர் என்னைப் போன்றவர்களாகவும் இருந்திருப்பார்கள்; 376 பேரில் ஒருவர்கூட அப்படி இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்களும் உங்களோடு அதே பஸ்ஸில்தான் இருந்தார்கள். அந்த அவமானத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இது பின்திரை அல்ல என்று நான் நம்புவதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் 'உச்சக்காட்சி' என்று நீங்கள் சொன்ன இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். கடைசி அத்தியாயம் ஏன் வரமறுக்கிறது என்பது அந்த வரியை வாசித்தபோதுதான் தெளிந்தது. வெளியேற்றத்தை நாவலின் உச்சத்தில் வைத்ததால், அது அந்தக் காதலுக்குக் கிடைத்த தண்டனையாகவோ, அந்தக் காதலைத் தமிழ் வாசகர் மன்னிப்பதற்குரிய சலுகையாகவோ ஆகிவிடுகிறது: பாவம், இவ்வளவு துன்பப்பட்டார்களே, ஆகவே நேசித்துக்கொள்ளட்டும் என்பதுபோல. அந்தச் சலுகை அவர்களுக்கு வேண்டாம். இருட்டடிப்பு இரவில் மாடிப்படியில் இருந்தபோது அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

பனிநாட்டுப் பிள்ளை:

அப்படியானால் என் பாதி உடன்பாட்டையும் ஐயாவிடமே கொடுத்துவிடுகிறேன். முடித்துவிட்டுப் போங்கள், அக்கா. இந்தத் தெளிவோடு நீங்கள் எழுதாமற்போனால், அந்த அறையில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த முடிவை உங்கள் வாயில் ஊட்டிவிடுவார்கள். அன்போடுதான் ஊட்டுவார்கள், அதுதான் ஆபத்து. ஜூன் 7 அத்தியாயத்தையும் அனுப்பாதீர்கள். கொச்சிக்கடையை அனுப்புங்கள். மெழுகுதிரித் தட்டுக்கு விளக்கம் எதுவும் வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனை ஒப்புநோக்குநர்:

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், முகாமிலிருந்து இறங்கி வந்ததும் எதிர்கொள்ள வேண்டியது அதுதான் என்பதால். நம் நாட்டில் தமிழ் நாவலை யாரும் காசு கொடுத்து வாங்கிப் பதிப்பிப்பதில்லை என்பதை அறிவீர்கள். எழுதியவரே முந்நூறோ ஐந்நூறோ பிரதிகளை அச்சிட்டு, விழா வைத்து, முதற்பிரதியை வாங்க ஒரு வர்த்தகரைத் தேட வேண்டும். தமிழ்ச் சங்க மண்டபத்தில் மேடையேறி இந்த நாவலைப் புகழ எத்தனை பேராசிரியர்கள் சம்மதிப்பார்கள் என்பதை நான் யோசித்துப் பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. 'பெண்களின் அவலம்', 'இடப்பெயர்வின் வலி' என்று பேசிவிட்டு இறங்குவார்கள். சென்னையில் அச்சிட்டுக் கொண்டுவருவது இன்னொரு வழி; அங்கே துணிவுள்ள பதிப்பகங்கள் இருக்கின்றன, ஆனால் நம் பேச்சுவழக்குக்கு அடிக்குறிப்புக் கேட்பார்கள்.

இலங்கையின் கிரேஷன் இலக்கியப் பரிசுக்கு அச்சாகாத கையெழுத்துப் பிரதியையும் அனுப்பலாம் என்று ஒருவர் உங்களுக்குத் தனிமடலில் எழுதினார் என்றீர்கள். உண்மைதான், மைக்கல் ஒண்டாச்சி 1992இல் நிறுவிய அந்தப் பரிசு பிரதிகளையும் ஏற்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றைத்தான். நாற்பது பக்கத்தை ஆங்கிலமாக்கிய சூட்டோடு முழுவதையும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமே என்ற சபலம் மலைக்காற்றில் வரும். வந்தால், தேசிய நூலகத்துக்குப் போய்த் தமிழ் நாவலுக்கென்று ஐ.எஸ்.பி.என். இலக்கத்தை இப்போதே எடுத்துவைத்துவிடுங்கள். அரசாங்கப் படிவம் ஒன்றை நிரப்பியபின் மனிதர்கள் இலகுவில் மனம் மாறுவதில்லை.

வவுனியா பஸ்:

தங்கச்சியின் பதிலை இரண்டு தரம் வாசித்தேன். அந்த பஸ்ஸில் என் அருகில் இருந்த பிள்ளைகள் யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு அவர்களின் பெயரே தெரியாது.

முழுதாக ஒப்புக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அத்தியாயத்தை வாசிக்கத் தருவீர்களானால், பஸ்ஸுக்குள் எப்படி இருந்தது என்பதைச் சரிபார்த்துத் தருவேன். யன்னற் சீலையை மூடச் சொன்னார்களா, எங்கே நிறுத்தித் தண்ணீர் தந்தார்கள் என்பவற்றை ஊகித்து எழுத வேண்டாம்.

லொட்ஜ் மாடிப்படி:

நன்றி, அண்ணா. அத்தியாயத்தை உங்கள் தனிமடலுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பிழை என்று சொல்வது எல்லாவற்றையும் திருத்துவேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒன்றையும் எடுக்கமாட்டேன் என்பதையும் முன்பே சொல்லிவைக்கிறேன்.

இந்த வார இறுதியில் கடைசி அத்தியாயத்தின் முதல் வரைவு முடிந்தது. ஜூன் 7 இப்போது இறுதிக்கு முந்தியதாக இல்லை. அதற்குப் பின் மூன்று சிறிய அத்தியாயங்கள் வந்திருக்கின்றன. திரும்பி வந்தவளுக்கு லொட்ஜில் பழைய அறை கிடைக்கவில்லை. மற்றவள் கணக்குப் புத்தகத்தில் அவளுடைய வாடகை நிலுவையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதிவுத் துண்டை மறுபடி எடுக்க பொலிஸ் நிலையத்துக்கு இருவரும் போகிறார்கள். வரிசையில் நிற்கும்போது சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டையில் கொச்சிக்கடை நேர்த்தி வெளியே வந்துவிடுகிறது. விசா கிடைத்ததா என்பது நாவலில் சொல்லப்படுகிறது, ஆனால் இங்கே சொல்லமாட்டேன். செம்பருத்தி, யாரும் ஜன்னலோரம் நிற்கவில்லை.

முகாமுக்குக் கொச்சிக்கடை அத்தியாயத்தையே ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்புகிறேன். காலக்கெடு வெள்ளிக்கிழமை. அந்தோனியார் கோவிலின் செவ்வாய்க்கிழமை வழிபாட்டு நேரங்கள் 2007இல் எப்படி இருந்தன என்பதை உறுதியாக அறிந்தவர்கள் அதற்கு முன் எழுதினால் உதவியாக இருக்கும். இரத்தினபுரி, பெரகல வழியாகப் போகும் இரவு பஸ்ஸில் இருக்கையை முன்கூட்டியே பதிவுசெய்ய முடியுமா என்பதையும், ஜூலையில் ஹப்புத்தளைக் காற்றுக்கு ஒரு கம்பளிச் சட்டை போதுமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கறுப்புக் கோட்டு:

போதாது. காதை மூடும் தொப்பியும் வேண்டும்.